இடுப்புப் பட்டி

பெக்கோ ட்ரெயில் நடக்க ஆசைப்பட்டோம், அக்காவும் தம்பியுமா. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பாதை. 22 கட்டம், 300 கிலோமீட்டருக்கு மேல. பை வாங்குறதுதான் தலையிடி.

விலை கூடின பையில் அப்படி என்ன இருக்கு? இடுப்புப் பட்டிதான். பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பில் உட்கார வைக்கும். அதனால ஆள் உயரத்தை இல்ல, முதுகு நீளத்தை அளந்து வாங்கணும். வெறும் பையை மாட்டிப் பார்த்தா ஒன்றும் விளங்காது. லீட்டர் கணக்கெல்லாம் பிறகு.

1848இல் நுவரெலியாவில் குடியேறி மரை வேட்டையாடிய சாமுவேல் பேக்கருக்கு இந்தக் கவலையே இல்லை. அவர் சாமான்களைத் தூக்க ஆள் இருந்தது.

ஹட்டனில் எங்க லயத்து வாசலில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுச் சோதித்தோம். அம்மாவும் மாட்டிப் பார்த்தாங்க.

"கயிறு தலைக்கு வராதா?"

கொழுந்து எடுக்கப் போன நாளிலிருந்து பாரம் அவங்க உச்சந்தலையில்தான். கூடை போய்ச் சாக்கு வந்தும் கயிறு இடம் மாறல. பட்டியை இடுப்பில் பூட்டிவிட்டோம். லயத்துக் கோடி வரை போய் வந்தாங்க. பிறகு இன்னொரு தரம் போனாங்க.

கழட்டச் சொல்ல எங்களுக்கு வாய் வரல.