முனை பார்க்கும் ஆசாரி

மயிலாடும்பாறை கடைத்தெருவை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு தச்சுப் பட்டறை. குட்டியானை வண்டியிலிருந்து ஐந்து பலகைகள் இறங்குகின்றன. கூடவே இறங்கும் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். மகளுக்குச் சீர் கொடுக்க அலமாரி வேண்டுமாம். ஓரத்துக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் என்னை யாரும் பொருட்படுத்தவில்லை. எனக்கும் அதுதான் வசதி.

ஆசாரிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பலகையின் பரப்பை அவர் பார்க்கவேயில்லை. ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அறுத்த முனையை வெயிலுக்குத் திருப்புகிறார்.

“யாரு தாயி பொறுக்குனது?”

“நாந்தான்யா. நல்லாச் செவப்பா இருந்துச்சேன்னு எடுத்தேன்.”

பதில் சொல்லாமல் இழைப்புளியை எடுத்து ஒரு இழுப்பு இழுக்கிறார். சிவப்பு சுருளாகக் கழன்று விழுகிறது. கீழே வெளிறிய வெள்ளை. பூச்சுதான். அந்தச் சுருளை அவள் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்கிறார். மணமில்லை. இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய நிலைச்சட்டம் ஒன்று மூலையில் சாய்ந்திருக்கிறது. அதில் ஒரு சீவல் எடுத்து நீட்டுகிறார். அவள் முகம் மாறுகிறது. புதுத் தோல்செருப்பின் வாசம் எனக்கே எட்டுகிறது. அத்தனை வருடம் ஆகியும் எண்ணெய்ப்பசை போகவில்லை.

“இதும் தேக்குதான், அதும் தேக்குதான். இது வைரம், அது வெள்ளை.”

மரத்தின் வெளிப்பக்க வெள்ளையில் மாவுச்சத்து உண்டு. வண்டு அதைத் தேடித்தான் வரும். உள்ளிருக்கும் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. பன்னிரண்டு, பதினைந்து வருடத்தில் வெட்டிய மரத்தில் வைரம் கொஞ்சம்தான் ஏறியிருக்கும். ஆனால் கன அடிக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே காசு. இந்த வியாபாரத்தின் அநியாயமே அதுதான்.

ஐந்தில் இரண்டு தேறுகின்றன. அவற்றின் முனையில் வளையக் கோடுகள் நெட்டுக்கு நிற்கின்றன. கதவுக்கு அவைதான் சரி. கோடு வில்லாக வளைந்து படுத்திருந்தால், அடைமழைக்குப் பலகை குழிந்து கதவு சாத்த வராது.

“சம்பந்தி வீட்டுல தோதகத்திக் கட்டில் கெடக்குய்யா…” என்று இழுக்கிறாள்.

ஆசாரி சிரித்துக்கொண்டே வருசநாட்டு மலைப்பக்கம் தாடையை ஆட்டுகிறார். தோதகத்தியை, அதாவது ஈட்டி மரத்தை, பட்டா நிலத்தில்கூட அனுமதியில்லாமல் வெட்டக் கூடாதென்று தமிழ்நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுத்திருந்தது. அந்தப் பக்கத்து மேகமலையும் 2021-ல் புலிகள் காப்பகத்துக்குள் போனது. காப்பகம் வந்தது நல்லதுதான், வைகை அங்கிருந்துதான் இறங்குகிறது. ஆக, கண்ணெதிரே அத்தனை காடு இருந்தும் பட்டறைக்கு மரம் கப்பலில் வருகிறது. 2014-ல் மியான்மர் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தோட்டம் போட்டு வளர்த்த தேக்கு தூத்துக்குடியில் இறங்குகிறது. பெரும்பாலும் இளசு.

“உங்க தோட்டத்துல மரம் ஒண்ணுமில்லையா?”

“போன வருசம் காத்துல சாஞ்ச வேம்பு ஒண்ணு கெடக்கு. வெறகுக்குக் கேட்டாங்க.”

ஆசாரிக்குக் கோபமே வந்துவிட்டது. “வெறகுக்கா? புடவை வைக்கிற தட்டுக்கு அதவிட எந்த மரத்த தாயி தேடுவ? பூச்சி அண்டாது. மில்லுல குடுத்துப் பலகையா அறுத்துட்டு வா. இடையில குச்சி குடுத்து நெழல்ல அடுக்கி வைப்போம். பச்சையோட செஞ்சா முறுக்கிக்கிரும். கல்யாணம் எப்ப?”

“தை மாசம்.”

விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தலையாட்டுகிறார். தேறாத மூன்று பலகைகளும் மறுபடி வண்டியில் ஏறுகின்றன.

மரம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. முனையில் பெயின்ட் அடிப்பது வெடிக்காமல் இருக்கத்தான். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு விரற்கடை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.