அப்பாவின் லென்ஸ் பொருந்துமா?

2004 கோடை. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்குப் புறப்படவிருந்த மைத்துனர் தொலைபேசியில் கேட்டார்: “கேனானா, நிக்கானா? ரெண்டுல எது வேணும்னு சொல்லிடுங்க மச்சான். நாளன்னிக்குக் கடைக்குப் போறேன்.”

கும்பகோணத்தில் இருந்த அந்தப் பள்ளி ஆசிரியருக்கு இரண்டு இரவும் தூக்கம் இல்லை. பல வருடச் சேமிப்பு அது.

லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா அதுவரை பத்திரிகைக்காரர்களுக்கும் பெரிய ஸ்டுடியோக்களுக்கும்தான் கட்டுப்படியானது. 2003 ஆகஸ்டில் கேனான் 300டி வந்து அந்தக் கதவைத் திறந்தது. அமெரிக்காவில் அதன் விலை, லென்ஸ் இல்லாமல், 899 டாலர். ஐந்தே மாதத்தில், 2004 ஜனவரியில், நிக்கான் தன் டி70-ஐ 999 டாலருக்கு அறிவித்தது. சாதாரணச் சம்பளக்காரர்கள் ஆசைப்படத் துணிந்தது இந்த இரண்டும் வந்த பிறகுதான்.

ஆசிரியர் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டையும் எழுதிப் பார்த்தார். 6.3 மெகாபிக்சல், 6.1 மெகாபிக்சல்: அதில் ஒன்றும் இல்லை. சுவிட்சைப் போட்டதும் கேனான் கண் விழிக்க ஏறக்குறைய மூன்று விநாடி. நிக்கான் உடனே தயார். கேனான் தொடர்ந்து நான்கு படம் எடுத்ததும் மூச்சு வாங்கும்; நிக்கான் அப்படி நிற்காது. ஓடும் பிள்ளைகளைப் படமெடுப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் கேனான் பக்கமும் நியாயம் இருந்தது. வெளிச்சம் குறைந்த இடத்தில் அதன் படங்கள் சுத்தமாக இருந்தன. நெருக்கமான நெசவுள்ள துணியை எடுத்தால் டி70-இன் படத்தில் சில சமயம் இல்லாத வண்ணக் கோடுகள் நெளியும். பட்டுத்தறி ஓடும் ஊரில் அதை எப்படி ஒதுக்குவது?

நோட்டில் இரண்டு பக்கமும் சமமாகவே நிரம்பின.

கேமரா வாங்குவது ஒரு வகையில் சம்பந்தம் பேசுவதுதான். கூடவே ஒரு குடும்பமே வீட்டுக்குள் வருகிறது. இன்று கேனான் வாங்கினால் நாளைக்கு வாங்கும் லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் கேனானுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். கேனான் 1987-இல் தன் லென்ஸ் மாட்டும் வளையத்தையே மாற்றியது. அதற்கு முந்தைய லென்ஸ்கள் புதிய உடலில் ஏறா. நிக்கானோ 1959-இல் கொண்டுவந்த எஃப் மௌண்ட்டை விடாமல் வைத்திருந்தது.

இதைப் படித்ததும் அவர் பீரோவைத் திறந்தார். மேல் தட்டில், பழைய வேட்டித் துணியில் சுற்றியபடி, அப்பாவின் 50 மில்லிமீட்டர் நிக்கான் லென்ஸ் இருந்தது. எண்பதுகளில் வாங்கியது. பூஞ்சை பிடித்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அப்பா அதை எடுத்துத் துடைத்து வைப்பார். அப்பா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் மைத்துனரிடம் சொன்ன பதில் ஒரே சொல்: “நிக்கான்.”

லென்ஸ் பொருந்தியது. ஆனால் ஒரு சங்கடம். மின்தொடர்பு இல்லாத பழைய லென்ஸை மாட்டினால் டி70 வெளிச்சத்தை அளந்து சொல்லாது. ஃபோகஸையும் கையால்தான் திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் கேமராவை வாங்கிவிட்டு, எல்லாவற்றையும் தானே கணக்கிட வேண்டிய நிலை.

அப்பா மீட்டர் பார்த்தவரில்லை. ஃபிலிம் பெட்டியின் உட்புறத்தில் சூரியனும் மேகமும் வரைந்து அச்சிட்டிருக்கும் அட்டவணை அவருக்கு மனப்பாடம். நல்ல வெயிலில் அபெர்ச்சர் 16. ஃபிலிமின் வேகம் எத்தனையோ, ஷட்டர் அத்தனையில் ஒரு பங்கு விநாடி. ஃபிலிம் வேகத்துக்கு ஈடாக டி70-இல் இருக்கும் மிகக் குறைந்த ஐஎஸ்ஓ 200. மகன் லென்ஸ் வளையத்தை 16-க்குத் திருப்பி, ஷட்டரை 1/200-இல் வைத்தார்.

மொட்டை மாடியில் அம்மா வடாம் பிழிந்துகொண்டிருந்தார். ஒரே படம். பின்பக்கத் திரையில் வெள்ளைப் புடவையின் மடிப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்த அம்மா கேட்டார்: “அப்பாவோடதுலயா எடுத்தே?”