தோழனை நோக்கி எழுந்த கூச்சல்

ஒருவரை நேசிக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே இன்னொருவருக்கு அநீதி இழைத்துவிடுவது எத்துணை எளிது! இந்த உண்மையை எனக்கு உணர்த்தியது இறையியல் நூல் எதுவும் அன்று. பனிக்கட்டித் தளத்தில் ஆடப்படும் ஐஸ் ஹாக்கி விளையாட்டு.

2012-ஆம் ஆண்டு கோடையில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில், ஒரு பங்கில் மூன்று மாதங்கள் உதவிக் குருவாகப் பணியாற்றினேன். நாள்தோறும் ஆலயக் கதவைத் திறந்து வைப்பவர் எழுபத்தைந்து வயதுப் பெரியவர், பிரெஞ்சு மொழியினர். ஒரு நாள் காலைத் திருப்பலிக்குப் பின், காப்பி அருந்தியபடி, தம் இளமைக்காலக் கதை ஒன்றைச் சொன்னார். அது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. "தந்தையே, இதை நீங்கள் பிறருக்கும் சொல்லலாம்" என்று அவரே அனுமதி தந்தார்.

கதை 1954-55 ஹாக்கிப் பருவத்தைப் பற்றியது. அந்நாளில் தேசிய ஹாக்கி லீக்கில் ஆறே அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 70 ஆட்டங்கள். மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் உயிர்நாடி மொரீஸ் ரிஷார். 1944-45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்து, அதுவரை எவரும் எட்டாத உயரத்தை எட்டியவர். பிரெஞ்சு மொழியினரே பெரும்பான்மையாக வாழ்ந்த அந்நகரில், தொழிலும் வணிகமும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் கையில் இருந்தன. பகலெல்லாம் மேலாளர் முன் தலை குனிந்து நின்ற தொழிலாளி, இரவில் ரிஷார் கோல் அடிக்கும்போது தலை நிமிர்ந்தான். அவர் வெறும் ஆட்டக்காரர் அல்லர். ஓர் இனத்தின் தன்மானம்.

ஆனால் ரிஷாரிடம் கட்டுக்கடங்காத சினமும் இருந்தது. 1955 மார்ச் 13 அன்று பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில், ஹால் லேகோ என்ற எதிரணி வீரரின் மட்டை பட்டு அவர் தலையில் குருதி வழிந்தது. வெகுண்டெழுந்த ரிஷார் தம் மட்டையால் லேகோவைத் தாக்கினார். தடுத்துப் பிடித்த எல்லை நடுவரையும் முட்டியால் குத்தினார். லீக்கின் தலைவர் கிளாரன்ஸ் கேம்பல் மார்ச் 16 அன்று தீர்ப்பளித்தார்: பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களிலும், அதன்பின் வரும் கோப்பைப் போட்டிகளிலும் ரிஷாருக்கு இடமில்லை.

மறுநாள் மார்ச் 17; தவக்காலத்து வியாழக்கிழமை. ஃபோரம் அரங்கில் டெட்ராய்ட் அணியுடன் ஆட்டம். கேம்பல் வந்து தம் இருக்கையில் அமர்ந்ததும் தக்காளியும் முட்டையும் அவர்மீது பொழிந்தன. முதற்பகுதி முடிந்தபோது டெட்ராய்ட் 4-1 என முன்னணியில் இருந்தது. அப்போது அவர் இருக்கைக்கு அருகே கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று வெடித்தது. அரங்கம் காலி செய்யப்பட்டது. வெற்றி டெட்ராய்ட்டுக்கே அளிக்கப்பட்டது. வெளியேறிய கூட்டம் ஒரு புனிதையின் பெயர் தாங்கிய செயின்ட் கேத்தரின் தெரு வழியே கடைகளின் கண்ணாடிகளை நொறுக்கிக்கொண்டு சென்றது. உயிர்ச்சேதம் இல்லை என்பது மட்டுமே ஆறுதல்.

அடுத்த நாள் ரிஷார் வானொலியில் இரு மொழிகளிலும் பேசினார். மேலும் தீங்கு செய்ய வேண்டாம் என்றும், அணிக்குத் துணை நிற்குமாறும் மக்களைக் கேட்டுக்கொண்டார். தண்டனையை ஏற்று, அடுத்த ஆண்டு திரும்பி வந்து கோப்பையை வெல்ல உதவுவதாகவும் கூறினார். நகரம் அடங்கியது. தீர்ப்பு நீதியானதா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. ஆயினும் தண்டிக்கப்பட்டவரே தம் பெயரால் எழுந்த நெருப்பைத் தணித்தார் என்பதில் ஐயமில்லை.

"கண்ணாடி உடைத்தவர்களுள் நீங்களும் ஒருவரா?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"இல்லை தந்தையே. என் குற்றம் அதன்பின் நடந்தது" என்றார்.

ரிஷார் விலக்கப்பட்டபோது, லீக்கின் புள்ளிப் பட்டியலில் அவரே முதலிடத்தில் இருந்தார். அடிக்கும் கோலுக்கு ஒரு புள்ளி, கோல் அடிக்கத் துணை செய்வதற்கும் ஒரு புள்ளி. அப்பட்டத்தை அவர் அதுவரை வென்றதில்லை. ஆனால் அவருடைய அணித்தோழர் பெர்னார் ஜெஃப்ரியோன் தொடர்ந்து ஆடினார். பருவத்தின் இறுதி நாள்களில் அவரைக் கடந்தார். 75-க்கு 74. ஒரே ஒரு புள்ளி! ஜெஃப்ரியோன் அயலார் அல்லர். அதே நகரில் பிறந்த, அதே மொழி பேசிய 24 வயது இளைஞர். அவர் என்ன செய்திருக்க வேண்டும்? வேண்டுமென்றே கோலைத் தவறவிட்டுத் தம் அணிக்கு இரண்டகம் செய்வதா? கடமையைச் செய்த அவரைச் சொந்த அரங்கிலேயே சொந்த மக்கள் கூச்சலிட்டு இழிவுபடுத்தினர்.

"அன்று பதினெட்டு வயதில் நானும் தொண்டை வற்றக் கத்தினேன். ரிஷாருக்காகக் கத்துகிறேன் என்றே நினைத்தேன். ஜெஃப்ரியோன் தலை கவிழ்ந்து சறுக்கிச் சென்றது இன்னும் என் கண்முன் நிற்கிறது. புனித வெள்ளியன்று பாடுகளின் வரலாற்றில் மக்கள் கூட்டத்தின் குரலாக நாம் வாசிக்கும் பகுதி வரும்போதெல்லாம் என் நாக்கு தடுமாறுகிறது."

அவர் மனக்குறை பொய்யன்று. அவர் இனத்தின் காயமும் பொய்யன்று. ஆனால் உண்மையான மனக்குறைகூடத் தவறான வாசலைத் தட்டுவதுண்டு. எட்டாத உயரத்தில் இருப்பவர்மேல் செல்லாத சினம், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் சகோதரன்மேல் பாய்கிறது. நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் நாம் காணும் சண்டைகளில் எத்தனை இவ்வகைப்பட்டவை!

அவ்வாண்டுக் கோப்பை டெட்ராய்ட்டுக்கே சென்றது. ஆனால் ரிஷார் சொன்ன சொல் காத்தார். 1956 முதல் 1960 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை மாண்ட்ரியலுக்கே வந்தது. அந்த ஐந்து வெற்றிகளிலும் ஜெஃப்ரியோன் அவரோடு தோளோடு தோள் நின்று ஆடினார். 1960-61-இல், ரிஷாருக்குப் பின் ஒரே பருவத்தில் 50 கோல் அடித்த முதல் வீரரும் அவரே. புள்ளிப் பட்டமோ ரிஷாருக்கு இறுதிவரை கிட்டவேயில்லை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் ரிஷார் மறைந்தபோது, நோத்ர் தாம் பேராலயத்தில் அடக்கத் திருப்பலி அரசு மரியாதையோடு நடைபெற்றது. தெருவெங்கும் மக்கள் நின்றனர், பெரியவரும் நின்றார்.

ஜெஃப்ரியோனின் சட்டை எண் 5-ஐ அரங்கின் கூரையில் ஏற்றிச் சிறப்பிக்கக் குறித்த நாள் 2006 மார்ச் 11. அதே நாளில் அவர் இறந்தார். அவர் விருப்பப்படியே விழா நடந்தது. குடும்பத்தார் நிற்க, எண் மேலே ஏறியது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

"நான் வீட்டில் தனியே தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தேன். நானும் எழுந்து நின்றேன், தந்தையே. என் கைதட்டல் அவருக்கு ஐம்பத்தோரு ஆண்டுகள் பிந்திவிட்டது."

சொல்லிவிட்டு அவர் கோப்பைகளைக் கழுவச் சென்றார். நான் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். நான் எவருக்கு எதிராகக் கூச்சலிட்டேன், அவர்களுள் இன்னும் உயிரோடு இருப்பவர் எவர் என்று எண்ணிப் பார்த்தேன். அன்றிரவே இரண்டு கடிதங்கள் எழுதினேன்.