'வந்தாங்க' எண்டு பாடலாமா?

நெளுக்குளத்தில ரெகே பாடுற ஒருத்தன் இருக்கிறான் எண்டு சொன்னா நீங்கள் சிரிப்பீங்கள். நாங்களும் சிரிச்சனாங்கள். இரண்டு வருசத்துக்கு முதல், ஒரு வெல்டிங் கடைக்குப் பின்னால இருக்கிற சின்ன அறையில, கிரைண்டர் சத்தம் அடங்கின பிறகு, பழைய லப்டொப்பில அவன்ர முதல் பாட்டைப் பதிவு செய்தோம். அந்தப் பாட்டை நாங்கள் எப்படிக் கெடுத்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். ஆனா அதுக்கு முதல் அப்பாச்சி இந்தியனைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேணும்.

அந்தப் பெயரை எங்களுக்குச் சொன்னது கடைக்கார மாமாதான். 1996இல் வந்த 'லவ் பேர்ட்ஸ்' படத்தின் கசெற் அவரிட்ட இருந்ததாம். இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்து முகாமில இருந்த காலம். ரஹ்மானின் இசையில் 'நோ ப்ராப்ளம்' எண்டு ஒரு பாட்டு. அதைப் பாடினவர்தான் அப்பாச்சி இந்தியன். "ஒரு சொல்லும் விளங்காது தம்பி, ஆனா கால் நிக்காது" எண்டார் மாமா. எல்லாப் பக்கமும் பிரச்சினையாய்க் கிடந்த நாளில அந்தத் தலைப்பைக் கேட்டுச் சிரிப்பினமாம்.

பிறகு நாங்கள் தேடிக் கேட்டோம். ஆளின் சொந்தப் பெயர் ஸ்டீவன் கபூர். 1967இல் பிறந்து, இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் ஹான்ட்ஸ்வேர்த் என்ற பகுதியில் வளர்ந்த பஞ்சாபிப் பெடியன். போருக்குப் பிறகு வேலைக்கு வந்த ஜமெய்க்காக்காரரும் பஞ்சாபிகளும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருந்தார்கள். 'ஸ்டீல் பல்ஸ்' என்ற பெயர்பெற்ற ரெகே குழுவும் அந்த ஊர்தான். ஆகவே ரெகே அவருக்கு வெளிநாட்டுச் சாமான் இல்லை. அயல் வீட்டுச் சத்தம். பாட வர முதல் அவரும் வெல்டிங் வேலை செய்தவராம். இதை வாசிச்ச அண்டு மாமாவைப் பிடிக்க முடியவில்லை.

ஜமெய்க்காவில 'சவுண்ட் சிஸ்டம்' எண்டு சொல்லுறது எங்கட கோயில் திருவிழாவுக்கு ஏத்தி இறக்கிற ஒலிபெருக்கிப் பெட்டிகள் போல ஒண்டுதான். தெருவில அடுக்கி வைச்சு இசைத்தட்டுப் போடுவார்கள். ஒருத்தர் ஒலிவாங்கியைப் பிடிச்சு, ஓடுற இசைக்கு மேலே தாளத்தோடு கதைப்பார். அந்தக் கதைப்பில இருந்து வளர்ந்ததுதான் டான்ஸ்ஹோல். அப்பாச்சியும் இப்படிப் பெட்டிகளுக்கு முன்னால பழகினவர். 1990இல் அவரின் 'மூவி ஓவர் இந்தியா' வந்தது. ஜமெய்க்காப் பேச்சுமொழி, ஆங்கிலம், நடுவில பஞ்சாபி. ரெகே கேட்கிறவையும் வாங்கிச்சினம், பாங்ரா கேட்கிறவையும் வாங்கிச்சினம். பிறகு பொப் மார்லியின் பாட்டுகளை வெளியிட்ட ஐலண்ட் நிறுவனம் அவரை எடுத்தது. 1993இல் 'நோ ரிசர்வேஷன்ஸ்' என்ற அல்பம். அது அந்த வருச மேர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் நின்றது. அதே வருசம் 'பூம் ஷாக்-அ-லாக்' பிரித்தானியப் பட்டியலில் 5ஆம் இடம். எல்லாப் பாட்டும் எங்களுக்குப் பிடிக்கும் எண்டில்லை. 'அரேஞ்ச்ட் மரேஜ்' பாட்டில் பொம்பிளை கேட்கிற விதத்தைக் கேட்டு எங்கட அக்காமார் முகத்தைச் சுளிச்சவை, அது நியாயம்தான். 90களுக்குப் பிறகு அந்த அளவு வெற்றி வரவில்லை. ஆனாலும் பாட்டை விடவில்லை; அதே ஹான்ட்ஸ்வேர்த்தில் இளையவர்களுக்கு இசை படிப்பிக்கிற ஒரு அக்கடமியும் தொடங்கினார்.

எங்களைப் பிடிச்சு நிறுத்தினது அந்த 'அப்பாச்சி' என்ற பெயர். ஜமெய்க்காவின் சுப்பர் கட் என்ற பாடகரின் பட்டப்பெயர் 'வைல்ட் அப்பாச்சி'. அவர் மேலிருந்த மதிப்பில் எடுத்த பெயர் அது. சுப்பர் கட்டின் முன்னோரில் இந்தியர்களும் உண்டு. 1845 முதல் 1917 வரை 36,000 பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஜமெய்க்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே வெள்ளைக்காரன்தான் அதே நூற்றாண்டில் எங்கட கடலுக்கு மறுபக்கத்திலிருந்து ஆக்களைக் கண்டிக்குக் கொண்டுவந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் விட்டவன்.

எங்கட பாடகனின் குடும்பம் அப்படி வந்தது. 1977 கலவரத்தில மலையகத்தில் எல்லாவற்றையும் விட்டுட்டு, வன்னியில் காடு வெட்டிக் குடியேறின குடும்பங்களில் ஒண்டு. அவன்ர தாத்தா தப்பு அடிக்கிறவர். அவன் வீட்டில 'வாங்க, போங்க' எண்டு கதைப்பான். எங்களோட நிக்கேக்க 'வாங்கோ, போங்கோ'. பள்ளிக்கூடத்தில இதுக்காக அவனைப் பகிடி பண்ணாத ஆக்கள் குறைவு. பண்ணினவர்களில் நாங்களும் இருக்கிறோம்.

அவன்ர முதல் பாட்டு அந்தத் தாத்தா வந்த கதை. வரி முடிவில 'வந்தாங்க' எண்டு எழுதியிருந்தான். நாங்கள் விடவில்லை. "உப்பிடிப் பாடினா படப்பாட்டு மாதிரி இருக்கும், எங்கட ஊர்ப் பாட்டாய்த் தெரியாது. 'வந்தவை' எண்டு பாடு." அவன் ஒண்டும் பேசாமல் மாத்திப் பாடினான். பாட்டு விழுந்துபோச்சு. தாளம் பிழை, மைக் பிழை எண்டு என்னென்னவோ சொன்னோம். ரெகேயின் 'ஒன் ட்ரொப்' தாளத்தில நாலில் மூன்றாவது அடியில்தான் பாரம் முழுக்க இறங்கும். அவன் எழுதினதில் அந்த இடத்தில 'தாங்' எண்டு ஒரு நெடில் நிண்டது. நாங்கள் அதைப் பிடுங்கிப் போட்டு ஒரு குறிலை வைச்சிருக்கிறோம். எங்கட ஊர்ப் பாட்டு எண்டால் என்ன எண்டு அவனுக்கே படிப்பிக்கப் போனதை நினைச்சா இப்பவும் கூசுது. அவன் பிறந்ததும் இதே நெளுக்குளம்தான்.

போன மாசம் மன்னிப்புக் கேட்டோம். "அதை விடுங்கடா" எண்டான். அடுத்த நாள் பின்னேரம் தாத்தாவின்ர தப்பைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தான். தோல் தளர்ந்து கிடந்தது. கடைக்குப் பின்னால ஓலை கொளுத்திக் காய்ச்சினோம். மாமா கிரைண்டரை நேரத்தோடு நிப்பாட்டினார். நாலாவது தடவையில பாட்டு சரியாய் வந்தது. முடியிற இடத்தில, தூரத்தில ஒரு மன்னார் பஸ்ஸின் ஹோர்ன் கேட்கும். அதை வெட்ட வேண்டாம் எண்டு அவன் சொல்லிப்போட்டான்.