கேரளத்துக் காடு, தமிழ்நாட்டு வாசல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் பல்லடத்துத் தோட்டத்துக்கு முறைவைத்து பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) தண்ணீர் விடுகிறார்களே, அது புறப்படும் பரம்பிக்குளத்திலிருந்து எழுதுகிறேன். ஊர் பாலக்காடு மாவட்டம், முதலமடைப் பஞ்சாயத்து. ஆனால் கேரளத்துக்குள்ளிருந்து வண்டி வர வழியில்லை. பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் என்று நம் பக்கமாகத்தான் ஏறவேண்டும். நம் செக்போஸ்ட் ஒன்று, அவர்கள் செக்போஸ்ட் ஒன்று, இரண்டிலும் சோதனை. ஆனப்பாடியில் வனத்துறை வண்டிக்கு மாறிக்கொண்டோம்.

மழைக்காடு என்று மனசில் படம் வரைந்துகொண்டு வந்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை பிடித்து நட்ட தேக்கு! அசல் காடு மேற்சரிவுகளிலும் ஓடையோரங்களிலும் ஒதுங்கியிருக்கிறது. வழிகாட்டியாக வந்த மலசர் இளைஞர் தேக்கங்கொழுந்து ஒன்றைக் கிள்ளி என் உள்ளங்கையில் தேய்த்தார். மருதாணி வைத்தாற்போலச் சிவந்துவிட்டது. இங்கே கன்னிமரா என்றொரு பெரிய தேக்கு இருக்கிறது; அதை வெட்டக் கோடரி போட்டபோது ரத்தம் பீறிட்டதாம், அதனால் விட்டுவிட்டார்களாம். கையைப் பார்த்த பிறகு அந்தக் கதையைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. நானூறு வயதுக்கு மேல் என்கிறார்கள்; கட்டிப்பிடிக்க நாலைந்து பேர் வேண்டும்.

மற்ற மரங்களுக்கு அந்த யோகம் இல்லை. கொச்சி சமஸ்தானம் போட்ட டிராம் 1907 முதல் பல பத்தாண்டுகள் அவற்றைச் சாலக்குடிக்கு இறக்கியது, ஏறக்குறைய 80 கிலோமீட்டர். செங்குத்தான இடங்களில் மரம் ஏற்றி இறங்கும் வண்டியின் பாரமே காலி வண்டியை மேலே இழுத்ததாம். ஆக, மரத்துக்குக் கேரளத்துக்குள்ளேயே வழி இருந்திருக்கிறது. இப்போது தண்ணீருக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் வழி இருக்கிறது: பரம்பிக்குளத்திலிருந்து தூணக்கடவுக்கு ஒரு சுரங்கம், அங்கிருந்து சர்க்கார்பதி மின்நிலையத்துக்கு இன்னொன்று, பிறகு கால்வாயில் திருமூர்த்தி அணை, உன் வரப்பு. அணைகள் நிற்பது கேரள மண்ணில்; மதகு திறப்பது நம் ஆட்கள். 2022 செப்டம்பரில் ஒரு ஷட்டர் உடைந்தபோதோ தண்ணீர் பழைய டிராம் போன திசையில், சாலக்குடி ஆற்றுக்குப் பாய்ந்தது.

வழியில்லாதது இங்கே குடியிருக்கும் காடர், மலசர், முதுவர்களுக்குத்தான். சொந்தப் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு சான்றிதழ் வாங்கத் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, சுற்றிக்கொண்டு மறுபடி கேரளத்துக்குள் நுழைகிறார்கள். கொரோனாவில் எல்லையை அடைத்ததும், 2020இல் தேக்கடிக் குடியிருப்புக்காரர்கள் (இடுக்கித் தேக்கடி அல்ல, இது வேறு) மண்வெட்டியும் கையுமாக, கேரளத்துக்குள்ளேயே அடிவாரத்தில் இருக்கும் செம்மணாம்பதிக்குத் தாங்களே பாதை வெட்ட இறங்கினார்கள். புலிகள் காப்பகத்தில் ரோடு கூடாது என்று நானும் உன்னிடம் வாதாடியவன்தான். பிரசவ வலியில் இருப்பவளைத் தூக்கிக்கொண்டு இந்த மலையில் இறங்குவதை நினைத்தால் அந்த வாதம் நிற்கவில்லை.

நீ வருவதானால் மழை விட்ட பிறகு வா. ஏப்ரலில் தேக்கு இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும், காட்டுத்தீ பயம் வேறு. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவராதே, செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். போன் எடுக்கவில்லை என்று தங்கச்சி கோபித்தால், சிக்னல் இல்லை என்று சொல்லிவை.

அன்புடன்,
உன் மச்சான்