கடற்கொள்ளையன் தலையில் நம்ம ஊர்த் துணி!
வீடியோ கேமில் வரும் கடற்கொள்ளையன் வேஷம் வேண்டுமென்று பிள்ளைகள் கேட்கிறார்களா? பழவேற்காட்டுக்கு அழைத்துப் போங்கள். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ.

1613-ல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர் இது. இங்கே கப்பலேறிய கட்டம்போட்ட துணி, ஊர்ப் பெயரையும் சுமந்து போனது. ஆங்கிலத்தில் வண்ணக் கைக்குட்டைக்கு ஒரு காலத்தில் இருந்த பெயர் ‘புலிக்கட்’. மலாயில் கைலிக்கு ‘காயின் பெலிக்கட்’.

பழைய லுங்கியில் சதுரம் வெட்டி, முக்கோணமாக மடித்து, விக்கின் மேல் நெற்றியோடு சேர்த்துப் பின்னால் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். விக் நழுவாது, கொள்ளையன் தயார்.

ஏரிக்கரையில் இன்று மீனவர்களின் வலைகளும் படகுகளும்தான். துணிக் கப்பல்கள் இல்லை. டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடுச் சிற்பங்கள் மட்டும் காவல் நிற்கின்றன. கடல் கடந்தும் நிலைத்த பெயரை நம் பிள்ளைகளுக்கு நாம்தானே சொல்ல வேண்டும்?