பிங் வரலண்ணா

பல கணினிகள் ஒரே வட்டில் ஒரே நேரத்தில் எழுதுவது, கூட்டுக் குடும்பத்தில் எல்லாரும் ஒரே கணக்கு நோட்டில் எழுதுவது மாதிரி. ஒருத்தர் எழுதும் பக்கத்தில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. 2006-இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்த ஜிஎஃப்எஸ்2 இதற்காகவே செய்யப்பட்ட ஃபைல் சிஸ்டம். எதையும் தொடுவதற்கு முன் சர்வர்கள் தங்களுக்குள் பூட்டு கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒன்று பேச்சு மூச்சில்லாமல் போனால், மற்றது அதன் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் மேலே வேலை பார்க்கும். இதற்கு ஃபென்சிங் என்று பெயர்.

அன்று ராத்திரி எங்கள் இரண்டு சர்வர்களில் ஒன்று பதில் சொல்லவில்லை. ஃபென்சிங்கும் தோற்றது. இன்னொன்று அப்படியே உறைந்து நின்றது. விடிவதற்குள் ஃபைல்கள் வேண்டும். தேடியதில் ஒரு வழி கிடைத்தது. மவுன்ட் செய்யும்போது ‘லாக்_நோலாக்’ என்று கொடுத்தால் யாரிடமும் பூட்டு கேட்காமல் ஒற்றை மெஷினிலேயே திறந்துவிடும். மெஷினை ரீபூட் செய்து, கமாண்டை அடித்துவிட்டேன். என்டர் தட்டும் முன் ஏனோ பயம் வந்து, பழைய சீனியருக்கு போன் போட்டேன்.

“இன்னொண்ணு செத்துடுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“பிங் வரலண்ணா.”

“பிங் போற ஒயர் வேற, டிஸ்க்குக்குப் போற ஒயர் வேற தம்பி. எந்திரிச்சுப் போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தேன். அது சாகவில்லை. நெட்வொர்க் கார்டு மட்டும் போயிருந்தது. அதை அணைக்க வேண்டிய உத்தரவும் அதே கார்டு வழியாகத்தான் போயாக வேண்டும். ஃபைபர் விளக்கு பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. வட்டில் இன்னும் எழுதாத தரவு அதன் மெமரியில் இருந்திருக்கலாம். நான் என்டர் தட்டியிருந்தால் என் எழுத்தின் மேல் அது எழுதும், அதன் எழுத்தின் மேல் நான் எழுதுவேன். இரண்டு பேருக்கும் எர்ரர் வராது. நோட்டு மட்டும் நாசமாகியிருக்கும்.

அதைக் கையாலேயே அணைத்தேன், ஃபைபரையும் உருவினேன். ஸ்டோரேஜில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, அதைத்தான் நோலாக்கில் திறந்தேன். “அந்த ஒரு தடவை மவுன்டுக்கு மட்டும் குடு, சூப்பர்பிளாக்ல எழுதிராத,” என்றார் அண்ணன். எழுதிவிட்டால், கிளஸ்டர் திரும்பி வரும்போது எல்லா சர்வரும் பூட்டில்லாமலே உள்ளே வரும்.

நோலாக் என்பது ‘நான் தனியாத்தான் இருக்கேன்’ என்று மெஷினுக்கு நாம் கொடுக்கும் வாக்கு. அது சரிபார்க்காது, அப்படியே நம்பிவிடும். இப்போதும் அதை அடிக்கும் முன், எழுந்து போய் ஒயரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.